போன் சொல்லும் வெயிலும் நம்ம ஊர் வெயிலும்

கோடை தொடங்கியதிலிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை வெயிலையும் மழையையும் பற்றித்தான். அதிலும் சிறிய ஊர்களிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே ஆதங்கம்: செய்தியில் சென்னை வருகிறது, மதுரை வருகிறது, எங்கள் ஊர் எங்கே? இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

டிவியில் 102 டிகிரி என்கிறார்கள், போனில் பார்த்தால் 39 காட்டுகிறது, மொட்டை மாடிச் சுவரில் நான் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் 46-ல் போய் நிற்கிறது. எதைத்தான் நம்புவது?
*வாசகர், வாணியம்பாடி*

முதல் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். டிவி சொல்வது பாரன்ஹீட், போன் காட்டுவது செல்சியஸ். 102 பாரன்ஹீட் என்பது 38.9 செல்சியஸ். 'வெயில் சதமடித்தது' என்று பத்திரிகைகள் எழுதும் 100 டிகிரி, செல்சியஸில் 37.8. அதேபோல 104 என்றால் 40, 110 என்றால் 43.3. இந்த மூன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும், குழப்பம் வராது.

உங்கள் மாடித் தெர்மாமீட்டர் விஷயம் வேறு. அது காற்றின் சூட்டை அளக்கவில்லை, தன் மேல் விழும் வெயிலையும் பின்னால் இருக்கும் சுவரின் சூட்டையும் சேர்த்து அளக்கிறது. வானிலை நிலையத்தில் எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். திறந்த வெளியில், நாலடிக்குச் சற்று மேலான உயரத்தில், கால்கள் வைத்த ஒரு மரப்பெட்டி நிற்கும். முழுக்க வெள்ளைப் பெயின்ட். நான்கு பக்கமும் சாய்வான பலகைச் சட்டங்கள் இருப்பதால் காற்று உள்ளே புகுந்து போகும், ஆனால் வெயில் நுழையாது. திறந்து பார்க்கும்போதுகூட வெயில் படக்கூடாது என்பதற்காகக் கதவை வடக்குப் பக்கம் வைத்திருப்பார்கள். உள்ளே அதிகபட்ச வெப்பத்துக்கு ஒன்று, குறைந்தபட்சத்துக்கு ஒன்று, சாதாரணமாக ஒன்று, பிறகு நுனியில் ஈரத்துணி சுற்றி அதன் திரியைச் சின்னத் தண்ணீர்ப் புட்டியில் தொங்கவிட்ட இன்னொன்று என நான்கு தெர்மாமீட்டர்கள். இப்போது தானியங்கிக் கருவிகள் நிறைய வந்துவிட்டன. ஆனாலும் நிழலில், காற்றோட்டத்தில், தரையின் சூடு நேராகத் தாக்காத உயரத்தில் அளக்க வேண்டும் என்ற விதி மாறவில்லை. செய்தியில் வரும் எண் அப்படி அளந்த நிழல் வெப்பம். மதியம் தார் ரோட்டில் நடக்கிறவர் மேல் விழுவது அதைவிட எவ்வளவோ அதிகம். அதனால் '39 தானே' என்று யாரும் அலட்சியமாக இருந்துவிட வேண்டாம்.

இன்னொன்று. போனில் உங்கள் ஊர்ப் பெயரோடு எண் வருவதால் அங்கே யாரோ அளந்து சொல்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை. பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணினி போடும் கணக்கில், உங்கள் ஊர் விழும் கட்டத்துக்கு வந்த விடை அது. ஒரு கட்டம் என்பது பக்கத்துக்கு 10, 20 கிலோமீட்டர்கூட இருக்கும். 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறை கொண்டுவந்த பாரத் முன்னறிவிப்பு முறையில் இது 6 கிலோமீட்டராகக் குறைந்திருக்கிறது, நல்ல முன்னேற்றம். ஆனாலும் ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை, நடுவில் பாலாறு என்று இருக்கும் உங்கள் பகுதியில் ஒரே கட்டத்துக்குள் எத்தனை விதமான வெயில் அடிக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்கு அருகில் உள்ள நிலையம் திருப்பத்தூர். மாலையில் அந்த நிலையத்தின் அளவைப் பார்த்து, உங்கள் தெர்மாமீட்டரை மாடியிலிருந்து கழற்றி வடக்குப் பார்த்த நிழலில் மாட்டி, இரண்டையும் சில வாரம் ஒப்பிட்டு எழுதி வாருங்கள். உங்கள் தெருவுக்கும் திருப்பத்தூருக்கும் வழக்கமாக எவ்வளவு வித்தியாசம் என்று பிடிபட்டுவிடும், அதன்பிறகு எந்த முன்னறிவிப்பைப் பார்த்தாலும் அதை நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளலாம்.

சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது சித்திரையில்தான் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். அப்படியென்றால் வெயில் ஏன் வைகாசியில் உச்சத்துக்குப் போகிறது? கத்திரி வெயிலுக்கு அறிவியல் உண்டா?
*வாசகி, ஆரணி*

மகள் சொல்வது சரி. சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே விழாத நாள் கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 11 வாக்கில் வருகிறது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே ஏறி ஏப்ரல் 24, 25-ல் சென்னைப் பக்கம் வந்துவிடும். ஆரணிக்கு அதற்கு ஓரிரு நாள் முன்னால்.

ஆனால் வெப்பத்தைத் தீர்மானிப்பது சூரியன் மட்டும் இல்லை, காற்றும்தான். வட தமிழ்நாட்டில் ஏப்ரலில் பெரும்பாலும் கடலிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருக்கும். மதியத்துக்குள் கடற்காற்று உள்ளே நுழைந்தால் வெப்பம் அதற்கு மேல் ஏறாது. மே பாதிக்கு மேல் மேற்குக் காற்று பலமாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கும்போது அது ஈரத்தை இழந்து, காய்ந்து, சூடாகித்தான் நம் பக்கம் வருகிறது. அந்தக் காற்று கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். கடற்காற்று பிற்பகல் மூன்று மணிவரை வரவில்லை என்றால் அன்றைக்கு வேலூர், ஆரணி, திருத்தணி எல்லாம் கொதிக்கும், சென்னையும் தப்பாது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று. கத்திரி வழக்கமாக மே 4 வாக்கில் தொடங்கி 28, 29-ல் முடியும், ஆக அந்த உச்சம் வந்ததே கத்திரி முடிந்த பிறகுதான்.

சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்திலிருந்து ரோகிணியின் முதல் பாதம் வரை இருக்கும் நாட்களைக் கத்திரி என்று பஞ்சாங்கம் குறிக்கிறது. வானிலைத் துறைக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. அதே சமயம், நம் பகுதியில் வெயில் கடுமையாக இருக்கும் காலத்தோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது என்பதால், தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்களின் அனுபவம் அதில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. தேதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கத்திரியில் மழை கொட்டிய ஆண்டும் உண்டு, கத்திரி முடிந்து ஜூனில் வறுத்தெடுத்த ஆண்டும் உண்டு.

மே கடைசியில் சென்னையில் இருக்கும் என் தங்கை வெயிலில் வெந்துபோகிறேன் என்கிறாள், எங்களுக்கோ சில்லென்று காற்று அடிக்கிறது. ஒரே மாநிலத்தில் இப்படியா?
*வாசகர், பொள்ளாச்சி*

ஆமாம், காரணம் அதே மேற்குக் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையேறாமல் நேராக உங்கள் ஊருக்குள் வருவதால் ஈரமும் குளிர்ச்சியும் போகாமல் வருகிறது. கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1, அதற்குச் சில நாள் முன்பே மேகமும் காற்றும் உங்களுக்குக் கிடைத்துவிடும். உங்களுக்குக் கடுமையான மாதம் மே இல்லை, மார்ச்சும் ஏப்ரலும்தான். செங்கோட்டை, தென்காசிப் பக்கமும் இதே கதை.

'ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை' என்று தினமும் சொல்கிறார்கள். எங்கள் ஊருக்கு மட்டும் வருவதே இல்லை. போன வாரம் பேருந்து நிலையம் பக்கம் நல்ல மழை, எங்கள் தெருவில் ஒரு சொட்டு இல்லை. இதை முன்னறிவிப்பு என்று எப்படி ஏற்பது?
*வாசகர், திருச்செங்கோடு*

கோபம் நியாயம்தான், ஆனால் அந்தச் சொற்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் நமக்குச் சொல்லித்தருவதில்லை. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்குக்கு மழை கிடைக்கலாம் என்று அர்த்தம். 'ஒருசில இடங்களில்' என்றால் பாதி வரை. 'அநேக இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்று வந்தால்தான் பாதியைத் தாண்டுகிறது. ஆக, ஓரிரு இடங்கள் என்று சொல்லும் நாளில் முக்கால்வாசி ஊர்களுக்கு மழை கிடைக்காது என்பதும் அந்த அறிவிப்புக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் ஊரில் பெய்யாததால் அது பொய்த்துவிட்டது என்று சொல்ல முடியாது.

கோடை மழை உருவாகும் விதம் அப்படி. பகல் முழுவதும் தரை சூடாகிறது, சூடான காற்று மேலே ஏறுகிறது, அந்த நேரம் கிழக்கேயிருந்து ஈரக்காற்றும் மேற்கேயிருந்து வறண்ட காற்றும் சந்திக்கிற இடத்தில் மேகம் விறுவிறுவென்று உயர்கிறது. மதியம் வரை வெளுத்துக் கிடந்த வானத்தில் மூன்று மணிக்குமேல் ஒரு மூலையில் மேகம் செங்குத்தாக ஏறுவதும், கொஞ்ச நேரத்தில் அதன் உச்சி தட்டையாக விரிவதும், அடிப்பக்கம் கருத்து வருவதும் உங்கள் மாடியிலிருந்தே தெரியும். அப்படி ஒரு மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான், ஆயுள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். பேருந்து நிலையத்தில் கொட்டிவிட்டு உங்கள் தெருவுக்கு வருவதற்குள் தீர்ந்துபோவது இதனால்தான். மலை இருக்கும் இடத்தில் மேகம் கிளம்ப இன்னும் சாதகம். சேர்வராயன், கொல்லிமலைப் பக்கம் மேகம் கட்டுகிறதா, காற்று அங்கிருந்து உங்கள் பக்கம் வீசுகிறதா என்று பார்த்துப் பழகுங்கள். வெக்கையாக இருந்த மாலையில் திடீரென்று குளிர்ந்த காற்று வேகமாக அடித்துப் புழுதி கிளம்பினால் அது அருகில் எங்கோ கொட்டத் தொடங்கிய மழையிலிருந்து இறங்கி வரும் காற்று. துணியை எடுக்க அதிக நேரம் இருக்காது.

காலையில் வரும் அறிவிப்பை விட உங்களுக்கு உதவப்போவது 'அடுத்த 3 மணி நேரத்தில்' என்று மாவட்டப் பெயரோடு வரும் அறிவிப்புதான். அது ரேடாரில் மேகத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது. வானிலைத் துறையின் மௌசம் செயலியிலும் சென்னை மண்டல மையத்தின் இணையதளத்திலும் கிடைக்கும். என்னைக் கேட்டால், சிறிய ஊர்க்காரர்கள் கோடையில் தினமும் பார்க்க வேண்டியது இது ஒன்றைத்தான்.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அன்னதானப் பந்தல் போட வேண்டும். போனில் அந்தத் தேதிக்கு மேகமும் மழையும் படம் காட்டுகிறது. தேதியை மாற்றலாமா என்று கூட்டத்தில் பேச்சு எழுந்துவிட்டது.
*விழாக் குழுவினர், பரமத்தி வேலூர்*

தயவுசெய்து அந்தப் படத்தை வைத்துத் தேதியை மாற்றாதீர்கள். மூன்று வாரம் கழித்து ஒரு குறிப்பிட்ட ஊரில் ஒரு குறிப்பிட்ட மாலையில் இடிமழை வருமா என்று இன்றைக்கு உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. மூன்று முதல் ஐந்து நாளைக்கான வெப்பநிலையை ஓரளவு நம்பலாம். இடிமழை வர ஏற்ற சூழல் இருக்கிறதா என்று இரண்டு மூன்று நாள் முன்பு சொல்ல முடியும். எந்த ஊரில் என்பது சில மணி நேரத்துக்கு முன்புதான். வானிலைத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த வாரங்களுக்கான போக்கை வெளியிடுகிறது, ஆனால் அது பெரிய பரப்புக்குச் சொல்வது: இந்தப் பகுதியில் வழக்கத்தைவிட மழை கூடுமா, குறையுமா என்ற அளவில் நிற்கும்.

உங்கள் கையில் இருப்பது நேரம். கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகலுக்கும் இரவுக்கும் இடையில் வரும். அன்னதானத்தைக் காலை பத்து மணிக்கே தொடங்கி மதியத்துக்குள் முடிப்பதாக வைத்துக்கொண்டால் மழைக்கும் தப்பலாம், வரிசையில் நிற்கும் வயதானவர்கள் உச்சி வெயிலுக்கும் தப்பலாம். பந்தல்காரரிடம் மழையைவிடக் காற்றைப் பற்றிப் பேசுங்கள். இடிமழைக்கு முன் மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவது சாதாரணம், தகரக் கூரைப் பந்தல் சரியாகக் கட்டப்படவில்லை என்றால் கூட்டத்தின் மேலேயே விழும். கயிறும் கம்பமும் எப்படி ஊன்றியிருக்கின்றன என்று குழுவில் ஒருவர் நேரில் போய் அசைத்துப் பார்க்க வேண்டும். இடி கேட்டதும் கூட்டத்தை எந்த மண்டபத்துக்கு நகர்த்துவது என்பதையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள்.

எங்கள் ஊரில் 36 டிகிரிக்கு மேல் போவதே அபூர்வம். கரூரில் இருக்கும் உறவினர்கள் 40-ஐ வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். எங்களால் ஏன் 36-ஐயே தாங்க முடியவில்லை?
*வாசகி, வேதாரண்யம்*

வியர்வை காயாததுதான் காரணம். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை ஆவியாகும்போதுதான். வழிந்து ஓடும் வியர்வையால் பிரயோஜனமில்லை. முதல் பதிலில் சொன்ன ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் இதைத்தான் அளக்கிறது. 40 டிகிரியும் 20 சதவீத ஈரப்பதமும் இருக்கும் இடத்தில் அந்த ஈரத் தெர்மாமீட்டர் 23-ஐ ஒட்டிக் காட்டும். 36 டிகிரியும் 65 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அதே தெர்மாமீட்டர் 30-க்கு ஏறிவிடும். உடம்புக்கு உங்கள் ஊர்தான் கடினம் என்பது கணக்கிலேயே தெரிகிறது. அந்த ஈரத் தெர்மாமீட்டர் 35-ஐத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆள்கூட நீண்ட நேரம் தாங்க முடியாது.

வெப்ப அலை அறிவிக்க சமவெளியில் 40 டிகிரி எல்லை என்றால், கடலோரத்தில் 37 போதும் என்று வைத்திருப்பதும் இதனால்தான், கூடவே வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது அதிகமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆனால் இந்த நிபந்தனையால், புழுக்கம் உயிரை வாங்கும் பல நாட்களில் வெப்ப அலை என்ற சொல்லே செய்தியில் வராது. கடலோர ஊர்களில் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் சேர்த்துச் சொல்வதைச் செய்திகள் வழக்கமாக்க வேண்டும்.

இரவிலும் வீடு கொதிக்கிறது. வெளியே பரவாயில்லை, உள்ளே படுக்க முடியவில்லை.
*வாசகர், அருப்புக்கோட்டை*

அடுப்பை அணைத்த பிறகும் சுடும் தோசைக்கல் மாதிரி, பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவில்தான் அதை அறைக்குள் இறக்குகிறது. மாடியில் வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்டோ பூசினால் நிஜமாகவே வித்தியாசம் தெரியும். பகலில் சூடான காற்று வராமல் ஜன்னலைச் சாத்தி, வெயில் தாழ்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். முன்னறிவிப்பில் குறைந்தபட்ச வெப்பநிலையையும் பாருங்கள், அது 29, 30 என்று இருந்தால் இரவிலும் உடம்புக்கு ஓய்வு கிடைக்காது என்று பொருள், மறுநாள் பகல் வேலையைக் குறைத்துக்கொள்வது நல்லது.

அம்மாவுக்கு வயது 61, சர்க்கரை உண்டு. கோயில் வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே பூ விற்கிறார். மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை என்று செய்தி வந்தாலும் 'வராமல் இருந்தால் வாடிக்கை போய்விடும்' என்கிறார். என்ன செய்ய?
*வாசகி, திருத்தணி*

மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுங்கள் என்பது அந்த நிறங்களின் பொருள். ஆனால் உங்கள் அம்மா வயதில், சர்க்கரையோடு, வெட்ட வெளியில் உட்காருகிறவருக்கு மஞ்சளே ஆரஞ்சுதான். கடையை மூடச் சொன்னால் கேட்க மாட்டார், நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். அதிகாலையிலும் மாலையிலும்தான் பூ அதிகம் போகும், 11 மணியிலிருந்து நான்கு மணி வரை வீட்டில் இருக்கட்டும். அதுவும் முடியாது என்றால் தார்ப்பாயை இறக்கிக் கட்டாமல் உயர்த்திக் கட்டி, பக்கங்களைத் திறந்து விட்டு, மேலே தென்னங்கீற்று போடுங்கள். தாழ்வான பிளாஸ்டிக் தார்ப்பாய்க்குக் கீழே வெளியைவிடச் சூடு அதிகம். பூவுக்குத் தெளிக்கும் தண்ணீரில் ஒரு துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் குடிக்க வேண்டும், சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் வெயில் காலத்துக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், தானாக நிறுத்தக் கூடாது.

பக்கத்துக் கடைக்காரர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்: பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தொட்டால் உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது மயக்கம் என்று விட்டுவிடக் கூடாது, வெப்பத் தாக்கு. 108-க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது, உயிரிழந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அந்த நிவாரணம் யாருக்கும் தேவைப்படாமல் இருக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு கோயில் வாசலிலும் சந்தையிலும் நிழலும் குடிநீரும் இருக்க வேண்டும், அதை உள்ளாட்சி அமைப்புகளிடம் கேட்டு வாங்கும் உரிமை உங்கள் அம்மாவுக்கு உண்டு.

இடி இடிக்கும்போது செல்போன் பேசினால் மின்னல் தாக்குமா?
*வாசகர், மன்னார்குடி*

செல்போன் மின்னலை இழுக்காது. வீட்டுக்குள் இருந்து பேசலாம், சார்ஜரில் செருகியபடி மட்டும் வேண்டாம். ஆபத்து வயலில், மரத்தடியில், குளத்தில் நிற்பது. மின்னலைப் பார்த்ததிலிருந்து இடிச் சத்தம் வரை எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். இடி காதில் விழும் தூரத்தில் இருந்தாலே நீங்கள் மின்னலின் எல்லைக்குள் இருக்கிறீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே போகலாம். வயலுக்குப் போகிறவர்கள் தாமினி செயலியைப் போனில் வைத்துக்கொள்வது நல்லது, சுற்றுவட்டாரத்தில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஊர் மழையை நானே அளக்க முடியுமா?
*மாணவி, போளூர்*

தாராளமாக. அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமாக இருக்கும் டப்பா ஒன்றை எடுத்துக்கொள். மரம், சுவர், கூரை எதுவும் மறைக்காத இடத்தில், காற்றுக்குச் சாயாதபடி செங்கல் வைத்து நிறுத்து. தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று பார், நாடு முழுவதும் வானிலை நிலையங்களில் அளக்கும் நேரமும் அதுதான். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது. 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அது கனமழை. மார்ச் முதல் மே வரை தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது சுமார் 12 சென்டிமீட்டர், உன் ஊர்க் கணக்கை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெயிலில் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும் என்பதால் மாலை மழை நின்றதும் ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டிவிடு, காலையில் இருப்பதை அதோடு கூட்டிக்கொள். மழையே பெய்யாத நாளிலும் நோட்டில் 0 என்று எழுத வேண்டும்.